கிற்றார் வாசிக்க ஏற்ற கதிரை: போளை காட்டிக் கொடுத்த பிழை

இருபது நிமிடம் கிற்றார் வாசித்தால் போதும், இடுப்பின் இடப்பக்கம் பிடித்துக்கொள்ளும். வலத் தோள் காதை நோக்கி ஏறும். இரண்டு கிழமை இதிலேயே போயிற்று.

முதலில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரையை மாற்றினேன். வலக் கைப்பிடி கிற்றாரின் உடம்பில் இடிக்கும். அதற்கு விலகி இருந்தால் முதுகு திருகும். அடுத்தது சில்லுப் பூட்டிய அலுவலகக் கதிரை: டைல்ஸ் தரையில் வழுக்கியது. அதோடு காற்றுத்தண்டு பழுதாகி, இருக்க இருக்கக் கீழே இறங்கியது. சாப்பாட்டு மேசைக் கதிரையில் பத்து சென்ரிமீற்றர் ஸ்பொஞ்ச் போட்டது இன்னும் மோசம். இடுப்பு புதைந்து முழங்கால் மேலே வந்தது.

ஸ்பொஞ்சை எடுத்துவிட்டுப் பலகையில் ஒரு போளையை வைத்துப் பார்த்தேன். நேரே பின்பக்கம் உருண்டது! சாப்பாட்டுக் கதிரைகள் பெரும்பாலும் சாய்ந்திருக்கப் பின்சரிவாகவே செய்யப்படுகின்றன, கண்ணுக்குத் தெரியாது. கிற்றாருக்கு அதுதான் எமன். இடுப்பு பின்னுக்குச் சரிய முதுகு கூனும், கிற்றாரும் மடியில் நிற்காது.

பின்கால்களுக்குக் கீழ் இரண்டு சென்ரிமீற்றர் மரக்கட்டைகளை ஒட்டி, ஆணியும் முடுக்கினேன். இப்போது போளை மெதுவாக முன்னுக்கு வருகிறது. இருக்கையின் உயரம், வெறுங்காலில் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை: எனக்கு 44 சென்ரிமீற்றர். மேலே ஒரு விரல்தடிப்பில் கெட்டியான றப்பர் விரிப்பு, அவ்வளவுதான். பிறகு ஒரு மணித்தியாலம் இருந்தும் வலியில்லை.

திருகோணமலையில் எங்கள் உவர்மலைப் பக்கம் கடற்காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் கறள் பிடிக்கும். பித்தளை ஆணி வாங்குங்கள்.