போன் சிம் எடுக்கவில்லையா? ரீசெட்டில் கை வைக்கும் முன்

எங்கள் கடைக்கு வேலை பழக வரும் தம்பிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "சிம் எடுக்கல" என்று ஒரு போன் மேசைக்கு வந்தால் போதும், ஒருவர் பின்மூடியைக் கழற்றத் தயாராகிறார், இன்னொருவர் நேரே ரீசெட்டுக்குப் போகிறார். வேலை பழகிய காலத்தில் நாங்கள் செய்ததும் இதையேதான். அதனால்தான் எழுதலாம் என்று தோன்றியது.

ஏரோப்ளேன் மோடு, தலைகீழாகப் போட்ட சிம், போனை ஒருமுறை அணைத்துப் போடுவது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் பெரும்பாலும் வாடிக்கையாளரே வீட்டில் செய்து பார்த்துவிட்டு வருகிறார். அதற்குப் பிறகு நடக்கும் தவறுகளில்தான் காசும் போகிறது, தகவலும் போகிறது.

'சிம் இல்லை', 'சேவை இல்லை' இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படியுங்கள். 'சிம் இல்லை' என்றால் போனால் அட்டையைப் படிக்கவே முடியவில்லை. அட்டை, ட்ரே (அட்டையை வைக்கும் தட்டு), சாக்கெட் (உள்ளே அட்டையைத் தொடும் பின்கள் உள்ள பகுதி), போர்டு இந்த நான்கில் ஏதோ ஒன்றில் கோளாறு. 'சேவை இல்லை' அல்லது 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்து, நிறுவனத்தின் பெயரோ எண்ணோ செட்டிங்கில் தெரிந்தால், அட்டையைப் போன் நன்றாகவே படித்துவிட்டது, டவரில்தான் பதிவாகவில்லை. இந்தப் போனின் சாக்கெட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் கிடந்து எண்ணே ரத்தாகியிருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய போனாக இருந்தால், திருட்டுப் புகாரில் அதன் ஐ.எம்.இ.ஐ. (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கப்பட்டிருக்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ அந்த 15 இலக்க எண்ணைக் கொடுத்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த போன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அங்குள்ள நிறுவனத்தோடு பூட்டப்பட்ட போன் நம்மூர் சிம்மைப் படிக்கும், ஆனால் ஏற்காது. ஐபோனில் 'அபவுட்' பக்கத்தில் 'கேரியர் லாக்' என்ற வரி அதைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் இருந்து சிம் ட்ரேயே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். அதில் ட்ரே எங்கே என்று தேடிய பையனையும் பார்த்திருக்கிறேன்.

பழைய பட்டன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு "சிம் செத்துப்போச்சு" என்பது

சிம்மை வேறு போனில் போட்டுப் பார்ப்பது மிகச் சரியான முதல் வேலை. எந்தப் போனில் போடுகிறீர்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 2016-இல் தொடங்கியபோதே 4ஜியில்தான் தொடங்கியது. அந்த சிம்மை 2ஜி பட்டன் போனில் போட்டால் டவர் வராது. உடனே சிம் பழுது என்று முடிவுகட்டி, வாடிக்கையாளரை ஆதார் எடுத்துக்கொண்டு சிம் கடைக்கு ஓடவிடுகிறார்கள். நல்ல 4ஜி போனில் போடுங்கள்.

சோதனையை அந்தப் பக்கமிருந்தும் செய்ய வேண்டும். இவருடைய சிம்மை நம் போனில் போட்டது போல, நன்றாக ஓடும் நம் சிம்மை இவருடைய போனில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும். ஐந்து நிமிட வேலை. கோளாறு அட்டையிலா போனிலா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹைப்ரிட் ட்ரே போனில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பங்கிடுகின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரீசெட் அடிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் கோபப்படுத்திய தவறு இதுதான். இன்றும் வாரத்துக்கு ஒரு போனாவது இப்படிக் கெடுக்கப்பட்டு எங்கள் மேசைக்கு வருகிறது.

ஃபேக்டரி ரீசெட் என்ன செய்கிறது? போனில் நீங்கள் சேர்த்துவைத்த படம், செயலி, கணக்கு, செட்டிங் எல்லாவற்றையும் அழிக்கிறது. எதைத் தொடுவதில்லை? மோடத்தின் (டவரோடு பேசும் பகுதியின்) மென்பொருளை, ஐ.எம்.இ.ஐ. இருக்கும் பகுதியை, சாக்கெட்டின் பின்னை, ட்ரேயை, அட்டையை. சிம் எடுக்காததற்கான காரணங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. அதாவது கோளாறு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, கோளாறே இல்லாத இடத்தைத் துடைத்து எறிகிறோம். செட்டிங்கில்தான் ஏதோ குழப்பம் என்று உண்மையிலேயே சந்தேகம் வந்தால் அதற்கு 'நெட்வொர்க் செட்டிங் ரீசெட்' தனியாக இருக்கிறது. அதில் போவது வைஃபை கடவுச்சொல், புளூடூத் இணைப்பு போன்ற இணைப்பு செட்டிங்குகள்தான்.

அடுத்தது இன்னும் மோசம். எல்லாக் கணக்கையும் திரும்பத் திறக்க ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி வர வேண்டிய எண்ணின் சிம்தான் இப்போது வேலை செய்யவில்லை. வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்து ரெக்கவரி வழியாக ரீசெட் அடித்திருந்தால், போன் திறக்கும்போதே முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். கடவுச்சொல் பலருக்கு நினைவில் இருக்காது. மீட்கப் போனால் கூகுள் குறியீட்டை அனுப்புவது அதே எண்ணுக்கு. பழுது போனில் மட்டும் என்றால் சிம்மை வேறு போனில் போட்டுத் தப்பிக்கலாம். பழுது சிம்மில் என்றால்? புது சிம் வாங்க வேண்டும். இந்தியாவில் சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடிக்காரர்கள் சிம் மாற்றிப் பணம் எடுப்பதைத் தடுக்க வைத்த நல்ல விதி. ஆனால் ரீசெட் அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் முழுக்க வங்கி ஓடிபி கிடையாது. யுபிஐ செயலிகள் இன்னும் ஒரு படி மேலே. அவை அந்தப் போனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணை உறுதி செய்கின்றன. போன் சிம்மை எடுக்காதவரை அந்தப் போனில் யுபிஐயைத் திரும்பப் பதிவு செய்ய வழியே இல்லை. ரீசெட்டுக்கு முன்னால் திறந்து கிடந்த செயலிகள் பல, சிம் இல்லாவிட்டாலும் வைஃபையில் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

ஒரு சமையல் கான்ட்ராக்டர் வந்தார். ஆவணி முகூர்த்த நேரம். சிம் எடுக்கவில்லை என்று வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே கேட்காமலே ரீசெட் அடித்துவிட்டார்கள், அப்படியும் சிம் வரவில்லை. "போர்டு வேலை, நாலாயிரம் ஆகும்" என்றதும் எங்களிடம் கொண்டுவந்தார். ட்ரேயை வெளியே இழுத்தேன். பழைய ட்ரே தொலைந்து கடைத்தெருவில் வாங்கிப் போட்டது, அதே போன்ற வேறு மாடலுடையது. உள்ளே போய் உட்கார்ந்தது போல இருக்கும், ஆனால் அட்டையின் தங்க முகம் பின்னுக்கு நேரே வராமல் மயிரிழை தள்ளி நின்றது. சரியான ட்ரேயைப் போட்டதும் சிம் வந்துவிட்டது.

"அண்ணே, எந்த மண்டபத்துக்கு எத்தனை இலை, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாங்க, எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ்லதான் இருந்துச்சு. அது வருமா?"

வராது. கூகுள் பேக்கப் போட்டிருக்கவில்லை. போனுக்குள் தானாகச் சேரும் பேக்கப் கோப்பும் ரீசெட்டில் போய்விட்டது. அவர் ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் போன் செய்து "நாம என்ன பேசினோம்" என்று கேட்டார். தொழிலில் வாக்குக்குப் பேர் போன மனிதர். அவரை அப்படிக் கேட்க வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. ரீசெட் அடிக்கும்போது 'இ-சிம்மையும் அழிக்கவா' என்று போன் கேட்கும். படிக்காமல் டிக் போட்டால் அந்த எண்ணும் போச்சு. முன்பு ஸ்கேன் செய்த க்யூஆர் பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும், திரும்ப நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் யாராவது "ரீசெட் போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டால், "எதற்காக, அதில் என்ன சரியாகும்" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

சாஃப்ட்வேர் போடுவது

ரீசெட்டில் சரியாகவில்லை என்றதும் அடுத்துச் செய்வது ஃப்ளாஷ் அடிப்பது, அதாவது போனின் மென்பொருளையே புதிதாக ஏற்றுவது. முதலில் *#06# அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ. ஒழுங்காகத் தெரிந்து, 'அபவுட் போன்' பக்கத்தில் பேஸ்பேண்ட் (மோடம் மென்பொருள்) பதிப்பும் தெரிந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது, ஃப்ளாஷுக்கு அவசரமே இல்லை. பேஸ்பேண்ட் 'அன்னோன்' என்று வந்தால் கோளாறு மோடம் பக்கம். அதுவும் கீழே விழுந்த போன் என்றால் பெரும்பாலும் போர்டு விஷயம்.

மீடியாடெக் சிப் உள்ள போனில் ஃப்ளாஷ் டூலைத் திறந்து 'ஃபார்மேட் ஆல்' கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ.யும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் என்விரேம் பகுதி அதில் அழிந்துவிடும். முன்கூட்டியே பேக்கப் எடுக்காவிட்டால், சிம்மைப் படிக்காத போன் இப்போது ஐ.எம்.இ.ஐ.யும் இல்லாத போனாகிவிடும். பிறகு ஏதோ டூலில் ஒரு எண்ணை எழுதித் தருகிறேன் என்பார்கள். ஐ.எம்.இ.ஐ.யில் கை வைப்பதைத் தடுக்க 2017-லேயே தனி விதி வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடை வைத்திருக்கும் தம்பிகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிம்முக்குப் பின்னால் பேப்பர் மடித்து வைப்பது

வைக்காதீர்கள். சாக்கெட்டின் பின் வளைந்துவிடும்.

தங்க முகத்தைப் பிளேடால் சுரண்டுவது

ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

மைக் ஓட்டையில் சிம் ஊசியைக் குத்துவது

ட்ரேயின் கோடு தெரிகிற இடத்தில் இருக்கும் ஓட்டை மட்டுமே ட்ரேயுடையது.

வெட்டிய சிம்மை நானோ ட்ரேயில் திணிப்பது

பழைய சிம்மைக் கட்டரில் வெட்டி நானோ ஆக்குவது இன்னும் நடக்கிறது. நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர் என்று நீள அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். கனத்தைப் பார்ப்பதில்லை. மினி, மைக்ரோ சிம்கள் 0.76 மில்லிமீட்டர் கனம், நானோ 0.67. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ட்ரே இறுகுகிறது, இழுக்கும்போது சாக்கெட்டின் பின் கொக்கிபோல் மாட்டி ஒடிகிறது. பழைய போன்களில் சின்ன சிம்மைப் பெரிய ஸ்லாட்டில் பொருத்தும் அடாப்டர் காலியாக உள்ளே போனாலும் இதே கதி. நிறுவனத்தில் கொடுத்தால் புது நானோ அட்டை கிடைக்கும், அதை வாங்குங்கள்.

சிம்மைப் பூட்டும் பின் நம்பரை ஊகித்து அடிப்பது

மூன்று முறை தவறினால் பியூகே (பூட்டைத் திறக்கும் குறியீடு) கேட்கும். அதையும் பத்து முறை தவறினால் அட்டை நிரந்தரமாகப் போய்விடும். நிறுவனத்தைக் கூப்பிட்டு பியூகே வாங்குங்கள்.

மீட்டரில் வோல்டேஜ் வரவில்லை என்று ஐசியைத் தூக்குவது

இது கொஞ்சம் வேலை கற்றவர்கள் செய்யும் தவறு. சிம் லைனுக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருக்காது. போன் ஆன் ஆகும்போதோ ட்ரே உள்ளே போகும்போதோ பெரும்பாலும் முதலில் 1.8 வோல்ட் கொடுத்துப் பார்க்கும், அட்டை பதில் சொல்லாவிட்டால் 3 வோல்ட். அப்போதும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடும். நிதானமாகப் புரோபை வைத்தால் மீட்டர் சுழியம்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு பவர் ஐசி (மின்சாரம் பகிரும் சிப்) போய்விட்டது என்று, அதைக் கழற்ற ஹாட் ஏர் (சூடுகாற்றுக் கருவி) எடுக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை டயோடு மோடில் வைத்து பவர், ரீசெட், கிளாக், டேட்டா என்று நான்கு லைனையும் பாருங்கள். ஓ.எல். வந்தால் எங்கோ லைன் அறுந்திருக்கிறது, சுழியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஆறாவது பின்னில் மட்டும் ஓ.எல். வந்தால் பதற வேண்டாம். பல போன்களில் அது இணைக்கப்படவே இல்லை, சிலவற்றில் என்எஃப்சிக்குப் பயன்படுகிறது. அந்த ஒரு அளவைப் பார்த்து நல்ல சாக்கெட்டைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், ட்ரே உள்ளே வந்துவிட்டது என்று போனுக்குச் சொல்லும் டிடெக்ட் பின். நான்கு லைனும் சரியாக இருந்து இது மட்டும் வளைந்திருந்தாலும் பல மாடல்களில் 'சிம் இல்லை' என்றுதான் காட்டும். லென்ஸில் ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு ஸ்லாட் போனதற்குப் போர்டில் சூடு வைப்பது

ஒரு சிம் வேலை செய்கிறது, மற்ற ஸ்லாட் மட்டும் செத்துவிட்டது என்றால் மோடம் நன்றாகத்தான் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஒரு எண்தான் என்றால் நல்ல ஸ்லாட்டில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள், காசு வாங்காதீர்கள். இரண்டு எண்ணும் வேண்டும், போனில் இ-சிம் வசதி இருக்கிறது என்றால் ஒன்றை இ-சிம்மாக மாற்றச் சொல்லலாம். அதற்கான எஸ்எம்எஸ் அதே எண்ணிலிருந்து போக வேண்டியிருக்கும், ஆகவே அந்த அட்டையை முதலில் நன்றாக இருக்கும் ஸ்லாட்டிலோ வேறு போனிலோ போட்டுக்கொள்ள வேண்டும். இ-சிம்முக்கு மாறுவதும் சிம் மாற்றம்தான், இதிலும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிற்கும். சம்பளம் போடும் நாள், கட்டணம் கட்டும் கடைசி நாள் இதெல்லாம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.