கட்டமும் கோடும்தானே என்று மாட்டிவிடாதீர்கள்: வடிவியல் ஓவியமும் வீட்டுச் சுவரும்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வடிவியல் அரூப ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டடிச் சதுரம். வெள்ளைப் பரப்பில் நான்கு கறுப்புக் கோடுகள், ஒரு மூலையில் சிவப்புச் செவ்வகம், அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் அது ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. மாலை வெயில் வந்தால் ஜன்னல் கம்பிகளின் நிழல் படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக விழும். வரைந்த கோடு எது, நிழல் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. வேறு சுவருக்கு மாற்றிய பிறகுதான் அந்தச் சிவப்பு எவ்வளவு அமைதியாக மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

இந்த வகை ஓவியத்தில் கண் பிடித்துக்கொள்ள முகமோ மரமோ ஆறோ கிடையாது. கோடு, நிறம், இவற்றுக்கு நடுவே உள்ள தூரம், இவை மட்டும்தான். அதனால் சுவரில் இருக்கும் மற்றக் கோடுகளும் நிறங்களும் சுலபமாகப் படத்துக்குள் நுழைந்துவிடும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

அதிகம் பார்ப்பது, சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் பொருத்தமாகப் படம் தேடுவது. நீலச் சோபா இருக்கிறது, அதனால் நீலக் கட்டங்கள் போட்ட படம் வேண்டும் என்பார்கள். வாங்கி மாட்டிய ஒரு வாரத்தில் படம் மெத்தை உறையின் தொடர்ச்சி போல ஆகிவிடும், யார் கண்ணும் அதில் நிற்காது. நிறம் தனியாக நிற்கும் பொருள் அல்ல. பிரான்சில் கோபலின் என்ற, சித்திரத் திரைச்சீலை நெய்யும் ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்தவர் வேதியியலாளர் செவ்ரொல். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவருக்குப் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறை எதுவும் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. இதைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1839-இல் வந்தது. உங்கள் சுவரிலும் இதேதான் நடக்கிறது. மஞ்சள் பூசிய சுவரில் ஒரு சாம்பல் சதுரம் லேசாக ஊதா சாயலில் தெரியும், வெள்ளைச் சுவரில் அதே சதுரம் வெறும் சாம்பல்தான். கடையிலோ திரையிலோ பார்த்த நிறம் வீட்டில் வேறாக இருந்தால் படத்தின் மேல் பழி போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. படத்தின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அதன் முக்கிய நிறங்களில் காகிதம் ஒட்டி, சுவரில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். காலையில், விளக்கு போட்ட பிறகு, சாய்ந்து உட்கார்ந்து, எல்லா விதமாகவும். கறுப்புக் கோடும் வண்ணக் கட்டமுமாக வரைந்த டச்சு ஓவியர் மோந்திரியான் பாரிசில் இருந்தபோது தன் ஓவியக்கூடச் சுவர்களில் வண்ண அட்டைகளை ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தவர். சுவரையும் அவர் ஒரு ஓவியப் பரப்பாகத்தான் நடத்தினார்.

அக்கம்பக்கமும் முக்கியம். கோடு போட்ட திரைச்சீலை, கட்டம் போட்ட டைல்ஸ், திறந்த புத்தக அலமாரி, இவற்றை ஒட்டி வடிவியல் ஓவியத்தை மாட்டினால் இரண்டுமே கெடும். படத்தின் அகலத்தில் பாதி அளவாவது நாலு பக்கமும் வெறும் சுவர் இருக்கட்டும். சுவரில் இடம் காலியாக இருக்கிறதே என்று பக்கத்தில் கடிகாரம் மாட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

உயரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நின்று பார்ப்பவருக்குச் சரி. சோபாவுக்கு மேலே என்றால் கீழ்ப்பக்கம் மட்டும் அவ்வளவு வெறும் சுவர் வேண்டாம், சாய்மானத்துக்கும் படத்துக்கும் 15 அல்லது 20 சென்டிமீட்டர் இடைவெளி போதும். காரணம் இருந்தால் இந்தக் கணக்கை மீறலாம். அரூப ஓவியர் மலேவிச் தன் ‘கறுப்புச் சதுரம்’ ஓவியத்தை 1915 டிசம்பரில் ரஷ்யாவின் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரில் நடந்த கண்காட்சியில் இரண்டு சுவர்கள் கூடும் மூலையில், கூரையை ஒட்டி மாட்டினார். ரஷ்ய வீடுகளில் தெய்வப் படத்துக்கு உரிய இடம் அது. அந்த உயரத்துக்கு அர்த்தம் இருந்தது. நாம் உயரத்தில் மாட்டுவது பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே ஆணி இருக்கிறது என்பதற்காகத்தான்.

சாய்வு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. இயற்கைக் காட்சி ஓவியம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மன்னித்துவிடலாம். நேர்கோடுகளால் ஆன படம் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே உறுத்தும், ஏனென்றால் படத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கோடும் அந்தச் சாய்வைத் திரும்பச் சொல்லும். ஒரே ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிட்டால் கதவு அடிக்கும்போதெல்லாம் நகரும். இரண்டு ஆணி அடியுங்கள், பின்பக்கம் இரண்டு கொக்கி வையுங்கள், கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் வில்லை ஒட்டுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு விஷயம்: ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றும் படம் கோணலாகத் தெரிகிறதா? அப்படியென்றால் கோணல் கூரையிலோ கதவுநிலையிலோ இருக்கிறது. படத்துக்கு மிக அருகில் உள்ள நீளமான விளிம்பு எதுவோ, அதற்கு இணையாக மாட்டுங்கள். கண்ணுக்கு அதுதான் நேர்.

மேல் எது, கீழ் எது என்று பார்க்காமல் மாட்டுவதும் நடக்கிறது, அருங்காட்சியகங்களிலேயே நடந்திருக்கிறது. மோந்திரியான் 1941-இல் வண்ண ஒட்டுநாடாக்களால் அமைத்த ‘நியூயார்க் சிட்டி 1’ 75 ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைகீழாக மாட்டப்பட்டிருந்திருக்கலாம் என்று 2022-இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் கண்டறிந்தார்கள். அவருடைய ஓவியக்கூடத்தில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றில் அது மேல் கீழாக, கீழ் மேலாக நிற்கிறது. இப்போது திருப்பினால் நாடாக்கள் கழன்றுவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்த ஓவிய வரிசையைக் கவனித்தால் திசை ஏன் முக்கியம் என்று புரியும். உள்ளே இருக்கும் சதுரங்கள் நட்டநடுவில் இருப்பதில்லை. கீழே ஒரு பங்கு இடம், பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. தலைகீழாக்கினால் அந்த எடை முழுவதும் மேலே ஏறிவிடும். படத்தின் பின்புறத்தில் கையெழுத்தோ அம்புக்குறியோ இருக்கிறதா என்று பாருங்கள், வரைந்தவரைத் தெரிந்தால் கேட்டுவிடுங்கள்.

சட்டகத்தில் பூவேலைப்பாடு வேண்டாம். மெல்லிய மரப்பட்டை போதும், சட்டகமே இல்லாமலும் மாட்டலாம். மோந்திரியான் சட்டகத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓவியம் சுவரிலிருந்து முன்னால் வரும்படி அமைத்தார். கேன்வாஸ் ஓவியத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி தேவையில்லை. காகிதத்தில் வரைந்தது என்றால் தேவை, எதிரொளி குறைந்த வகையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கறுப்புப் பகுதிகளில் உங்கள் முகமும் டியூப் லைட்டும்தான் தெரியும். நேர் வெயில் படவே கூடாது, சில சிவப்புகளும் ஊதாக்களும் வெளிறிவிடும். எல்இடி விளக்கு வாங்கும்போது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள்.

‘ஸ்கேல் வைத்து நானே வரைந்துவிடுவேன்’ என்று சொல்பவர்களிடம் வரையுங்கள் என்றே சொல்வேன். வரைந்து பார்த்தால்தான் கண் திறக்கும். மோந்திரியானின் ஓவியங்களைக் கிட்டத்தில் பார்த்தால் கறுப்புக் கோடுகள் ஒரே தடிமனில் இல்லை, சில கோடுகள் விளிம்பைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். வெள்ளைகளும் ஒன்றல்ல, தூரிகை போன திசை கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

வரையும்போது எல்லோருக்கும் நேரும் தவறு, கோடு நேராக வர ஒட்டும் மாஸ்கிங் டேப்பின் அடியில் வண்ணம் கசிந்து கோடு பிசிறடிப்பது. அடி வண்ணம் நன்றாகக் காயட்டும், ஒரு நாள் பொறுப்பது நல்லது. டேப்பை ஒட்டி விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். புது நிறத்தை உடனே பூசாமல், ஏற்கெனவே அடியில் இருக்கும் நிறத்தையே டேப்பின் விளிம்பு மேல் ஒரு தடவை மெல்லிசாகப் பூசுங்கள். கசிவதானால் அந்த நிறம் கசிந்து இடுக்கை அடைத்துவிடும், வெளியே தெரியாது. அது காய்ந்ததும் புது அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சாக இரண்டு முறை கொடுங்கள். கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள், டேப்பை அதன் மேலேயே மடித்தாற்போல் பிடித்து, சாய்வாக, மெதுவாக இழுங்கள்.