அரிய மரபணுக் குறைபாடுள்ள குழந்தையின் தூக்கம்: எங்கே தவறுகிறோம்?

நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் குழந்தையைப் பார்த்ததும் 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்' என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தக் குழந்தைகளிடம் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்மித்-மகெனிஸ் என்ற அரிய மரபணு நோய்க்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் பெரும்பாலான இக்குழந்தைகளுக்குப் பகலில் சுரக்கிறது. விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டு, மதியம் சோற்றுத் தட்டின் முன்னாலேயே சொக்கி விழுவது அதனால்தான். கண்டிப்பால் இது மாறாது. இரவு மெலடோனினோடு, பகல் சுரப்பை அடக்க காலையில் பீட்டா பிளாக்கர் (வழக்கமாக இரத்த அழுத்தத்துக்குத் தரப்படுவது) மருந்தும் சில மருத்துவர்கள் தருவது உண்டு. பலன் இல்லையென்று மெலடோனின் அளவை வீட்டிலேயே கூட்டிக்கொண்டு போவது வீண். படுக்கைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, மருத்துவர் சொன்ன குறைந்த அளவில் தொடங்குவதே முறை.

குறட்டையை 'நல்ல தூக்கம்' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிராடர்-வில்லி (தசைத் தளர்ச்சியும் தீராப் பசியும் உள்ள நோய்க்குறி), மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ் (சிலவகைச் சர்க்கரைப் பொருள்கள் சிதையாமல் உடலில் தேங்கும் நோய்) உள்ள குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் வாய்ப்பு அதிகம். மூச்சு நின்று நின்று வருவது, தலையைப் பின்னால் வளைத்துப் படுப்பது, வியர்த்துக் கொட்டுவது ஆகியவற்றைக் கவனித்தால் தூக்க ஆய்வு (தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் பரிசோதனை) கேளுங்கள். பிராடர்-வில்லியில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்குமுன் இந்த ஆய்வைச் செய்வது வழக்கம். மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்க மருந்து கொடுப்பது ஆபத்து: தொண்டைத் தசை தளர்ந்து, அடைப்பு கூடும். சளி மருந்தைத் தூங்க வைக்கக் கொடுப்பதும் வேண்டாம். சில குழந்தைகள் அதில் இன்னும் துள்ளுவார்கள்.

ஏஞ்சல்மேன், ரெட் என்ற மரபணு நோய்க்குறிகள் உள்ள குழந்தைகள் இரவில் திடீரென்று சிரிப்பார்கள், அலறுவார்கள். கெட்ட கனவு என்று ஒதுக்காதீர்கள், வலிப்பு என்று பதறவும் வேண்டாம். போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள்: முகமும் கைகாலும் தெரியட்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்தால் வலிப்பைச் சந்தேகிக்கலாம். இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

பேசாத குழந்தை வலியைச் சொல்லாது, தூங்காமல் காட்டும். மலச்சிக்கல், நெஞ்சுக்கு ஏறும் அமிலம், சொத்தைப் பல் ஆகியவற்றைப் பார்க்காமல் தூக்க அட்டவணை போடுவதில் பயனில்லை. கால்களை உதைத்துக்கொண்டே இருந்தால் ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். அது லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தருவது பற்றி மருத்துவர் யோசிப்பார். நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் இரும்பு நஞ்சு.

தானாக விலக்க முடியாத குழந்தைமேல் கனமான போர்வை போடக்கூடாது. எழுந்து அலைகிறது என்று அறையை வெளியே தாழிடுவதும் கூடாது, தீப்பிடித்தால் என்ன செய்வது? கதவில் மணி கட்டுங்கள், அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள்.

விளக்கு, மருந்து, படுக்கும் நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதிவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.