வீட்டில் எழுதிய ப்ளூ-ரே டிஸ்க் பிளேயரில் ஓடவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமாவின் மணிவிழா வீடியோவை ப்ளூ-ரே டிஸ்க்கில் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பிளேயரின் தட்டு டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. முகப்பில் ‘ரீடிங்’ என்று எழுத்து ஓடியது. டிஸ்க் சுழலும் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அரை நிமிடம் கழித்து, இந்த டிஸ்க்கை இயக்க முடியாது என்று டிவியில் ஒரே ஒரு வரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சோபாவில் காத்திருந்த அத்தை, “என்னப்பா, வரலையா?” என்றார். முதல் நாள் ராத்திரிதான் அதை என் கம்ப்யூட்டரில் முழுவதும் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

டிஸ்க்தான் மட்டம் என்று முடிவுகட்டி, அதே வீடியோவை அதே முறையில் இன்னும் மூன்று டிஸ்க்குகளில் எழுதினேன். மூன்றும் ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் டிஸ்க்கில் ஒரு குறையும் கிடையாது. ‘மணிவிழா’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் வீடியோ ஃபோல்டரை வைத்து எழுதியிருந்தேன். பிளேயர் அந்த ஃபோல்டருக்குள் நுழைந்தே பார்க்கவில்லை.

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான்: கம்ப்யூட்டரில் ஓடினால் பிளேயரிலும் ஓடும் என்று நம்புவது. விஎல்சி மாதிரியான மென்பொருள் கொடுத்த ஃபைலைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தானே கண்டுபிடித்து ஓட்டிவிடும். டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயர் அப்படியில்லை. குறித்த இடத்தில், குறித்த பெயரில், குறித்த வகையில் இருப்பதை மட்டுமே அது தேடும். இல்லையென்றால் அதற்கு அந்த டிஸ்க் காலி டிஸ்க்தான்.

அடுத்த டிஸ்க்கை எடுக்கும் முன்

ஓடவில்லை என்றதும் இன்னொரு டிஸ்க்கில் எழுதாதீர்கள். எப்படி ஓடவில்லை என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கே இல்லை என்று பிளேயர் சொன்னால், டிஸ்க்கின் வகையையோ எழுதிய தரத்தையோ சந்தேகப்படலாம். டிஸ்க்கைப் படித்துவிட்டு ஆதரவில்லை என்று சொன்னாலும், படத்துக்குப் பதில் ஃபைல் பட்டியலைக் காட்டினாலும் ஃபோல்டர் அமைப்பில் தவறு இருக்கலாம். படம் தொடங்கிவிட்டு ஒலி வராமல் போனால், அல்லது விக்கி விக்கி ஓடினால், வீடியோ தயாரான விதத்தைப் பார்க்க வேண்டும்.

விக்கல் எங்கே வருகிறது என்பதும் ஒரு துப்பு. ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போகும். அதனால் படத்தின் கடைசிப் பகுதி மட்டும் திணறினால் விளிம்புப் பகுதி சரியாக எழுதப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். எத்தனை டிஸ்க்கில் எழுதினாலும் ஒரே காட்சியில், சரியாக மாலை மாற்றும் இடத்தில் நிற்கிறது என்றால் டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தில் பிட்ரேட், அதாவது ஒரு வினாடிப் படத்துக்கு ஆகும் டேட்டாவின் அளவு, எகிறியிருக்கும்.

ஃபோல்டர் அமைப்பு

ப்ளூ-ரே வீடியோ டிஸ்க்கைத் திறந்தால் முதல் தட்டிலேயே, அதாவது வேறெந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், பிடிஎம்வி (BDMV) என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். பக்கத்தில் சர்ட்டிஃபிகேட் என்று இன்னொன்று இருக்கும், அது பெரும்பாலும் காலிதான். பிடிஎம்விக்குள் ஸ்ட்ரீம் ஃபோல்டரில் எம்2டிஎஸ் ஃபைல்களாக வீடியோ இருக்கும். எதை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற குறிப்பு பிளேலிஸ்ட் ஃபோல்டரில், ஒவ்வொரு வீடியோவையும் பற்றிய விவரம் கிளிப்இன்ஃப் ஃபோல்டரில். இவற்றுக்கெல்லாம் வாசல் இன்டெக்ஸ் என்ற சின்ன ஃபைல். பிளேயர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். வீடியோ ஃபைல் மட்டும் இருந்து மற்றவை இல்லாவிட்டால் அதற்கு வழி தெரியாது.

நான் வெளியே ஒரு ஃபோல்டர் சேர்த்ததுபோல இங்கே நடக்கும் தவறுகள் நிறைய. கேமராவின் கார்டிலிருந்து வீடியோ ஃபைல்களை மட்டும் உருவி எழுதுவார்கள். எம்பி4 ஃபைலின் வால் பெயரை (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) எம்2டிஎஸ் என்று மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். பெயரை மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. எம்2டிஎஸ் என்பது 192 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக அடுக்கப்பட்டது, எம்பி4 வேறு மாதிரிக் கட்டுமானம். அப்புறம், முழு டிஸ்க்கின் நகலையே ஒரே ஃபைலாக வைத்திருக்கும் ஐஎஸ்ஓ இமேஜ் ஃபைலை ஒரு சாதாரண ஃபைலாக டிஸ்க்கில் போட்டுவிடுவது. டிஸ்க்கைத் திறந்தால் ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ‘இமேஜை டிஸ்க்கில் எழுது’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

விண்டோஸில் வெற்று டிஸ்க்கைப் போட்டதும், இதை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி வரும். வசதியாகத் தெரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏற்ற டிஸ்க் கிடைக்கும். வீடியோ டிஸ்க்குக்கு அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நான் இப்போது செய்வது இப்படி. வீடியோவையும் ஒலியையும் டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருளில் சேர்த்து, ப்ளூ-ரே ஃபோல்டர் என்று வெளியே எடுக்கிறேன். அது பிடிஎம்வி அமைப்பு முழுவதையும் தானே கட்டித் தந்துவிடும். ஆனால் வீடியோவை மறுபடி என்கோட் செய்யாது (வேறு முறையில் அழுத்தி எழுதாது), நீங்கள் கொடுத்ததை அப்படியே அடுக்கித் தரும், அவ்வளவுதான். பிறகு டிஸ்க் எழுதும் மென்பொருளான இமேஜ்பர்னில் அந்த பிடிஎம்வியையும் சர்ட்டிஃபிகேட்டையும் நேராக முதல் தட்டில் வைத்து எழுதுகிறேன். ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை, யுடிஎஃப் 2.50 ஆக இருக்க வேண்டும். டேட்டா டிவிடிக்குப் பழகிய அமைப்பிலேயே எழுதினால் சில பிளேயர்கள் முகம் திருப்பிக்கொள்ளும்.

மெனு வேண்டும் என்று ஆசை இருந்தாலும் முதல் டிஸ்க்கை மெனு இல்லாமல் எழுதுங்கள். அது ஓடிய பிறகு மெனு சேர்த்தால், ஏதாவது கெட்டால் காரணம் மெனுதான் என்று உடனே தெரியும்.

வினாடிக்கு 25 பிரேம் என்ற பொறி

பலர் இங்கேதான் விழுகிறார்கள். நம் ஊரில் கல்யாண வீடியோவை வினாடிக்கு 25 பிரேமில் எடுப்பது வழக்கம். எடிட் செய்து 1920க்கு 1080 அளவில், 25 பிரேம் புரோகிரசிவாக (ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக) வெளியே எடுக்கிறார்கள். ப்ளூ-ரே விதியில் அப்படி ஒரு வகையே கிடையாது. முழு எச்டி அளவில் அது ஏற்பது 23.976 அல்லது 24 பிரேம் புரோகிரசிவ், அல்லது 50ஐ (50i), 59.94ஐ (59.94i) எனப்படும் இன்டர்லேஸ் வகைகள், அதாவது படத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாற்றி மாற்றிக் காட்டுபவை. 25 பிரேம் வீடியோவை 50ஐ என்று குறியிட்டு அனுப்ப வேண்டும். படம் மாறாது, அடையாளச் சீட்டு மட்டும் மாறும். வீடியோவை ஹெச்.264 முறையில் அழுத்தும் எக்ஸ்264 என்கோடரில் இதற்கென்றே ‘ஃபேக் இன்டர்லேஸ்டு’ என்று ஓர் அமைப்பு உண்டு. வினாடிக்கு 50 பிரேம் புரோகிரசிவாக எடுத்த வீடியோவை 720 அளவுக்குக் குறைத்தால் அப்படியே வைக்கலாம். 1080 அளவில் சாதாரண ப்ளூ-ரேயில் அதற்கு இடமில்லை.

போனில் எடுத்த வீடியோவில் சிக்கல் இன்னும் அதிகம். பல போன்கள் பிரேம் வேகத்தை வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கு வேகம் நிலையாக இருக்க வேண்டும். புது போன்கள் பல ஹெச்.265 முறையில் பதிவு செய்கின்றன. சாதாரண ப்ளூ-ரே ஏற்கும் வீடியோ முறைகள் எம்பெக்-2, ஹெச்.264, விசி-1 மூன்றுதான். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த வீடியோவைத் திருப்பிக் காட்டச் சொல்லும் குறிப்பு அந்த ஃபைலுக்குள் இருக்கும், பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, அகலவாக்கில் மறுபடி என்கோட் செய்துதான் ஆக வேண்டும்.

நீங்களே என்கோட் செய்பவர் என்றால் ஹெச்.264 லெவல் (பிளேயர் தாங்க வேண்டிய சுமையின் வரம்பு) 4.1ஐத் தாண்டாதீர்கள். வீடியோவின் உச்ச பிட்ரேட் வினாடிக்கு 40 மெகாபிட். பஃபருக்கு, அதாவது பிளேயர் முன்கூட்டி வாங்கி வைக்கும் டேட்டாவுக்கு, 30 மெகாபிட். மற்ற பிரேம்களைச் சாராமல் தானே முழுப் படத்தையும் கொண்ட பிரேம் வினாடிக்கு ஒன்றாவது வர வேண்டும். எக்ஸ்264இல் ‘ப்ளூரே-காம்பாட்’ என்ற அமைப்பைப் போட்டுவிட்டு, லெவலையும் உச்ச பிட்ரேட்டையும் பஃபரையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். சராசரி பிட்ரேட்டைப் பார்த்து ஏமாறுவது வழக்கமான தவறு. சராசரி 20 என்றாலும் பட்டாசு வெடிக்கும் காட்சியிலோ அட்சதை பறக்கும் காட்சியிலோ அது பலமடங்கு எகிறலாம். பிளேயர் திணறுவது அங்கேதான்.

ஒலி வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஏஏசி. போனும் எடிட்டிங் மென்பொருளும் ஒலியை அந்த முறையில்தான் தருகின்றன, ப்ளூ-ரே பட்டியலில் அதற்கு இடமில்லை. டால்பி ஏசி3 ஆகவோ அழுத்தாத எல்பிசிஎம் ஆகவோ மாற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும். சிடியிலிருந்து எடுத்துச் சேர்த்த நாதஸ்வரம் 44.1இல் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டால் பிரேம் வேகம், லெவல், ஒலி வகை எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். டிஸ்க்கில் எழுதும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தால் பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

டிஸ்க் வாங்கும்போது

வெற்று ப்ளூ-ரே டிஸ்க்குகளில் எல்டிஎச் (LTH) என்று ஒரு வகை உண்டு. மற்ற ப்ளூ-ரேக்களில் எழுதும் அடுக்கு கனிமப் பொருளால் ஆனது. இதில் டிவிடியைப் போலச் சாயம். விலை குறைவாக வரட்டும் என்று செய்தது, ஆனால் பழைய பிளேயர்கள் பல இதைப் படிக்கத் தடுமாறும். உறையில் எல்டிஎச் என்று இருந்தால் நான் வாங்குவதில்லை. 100 ஜிபி பிடிஎக்ஸ்எல் டிஸ்க்கும் சாதாரண பிளேயருக்கு ஆகாது. 25 ஜிபி போதும். அதை விண்டோஸ் 23.3 என்றுதான் காட்டும், அதற்குள் அடங்கும்படி வீடியோவைத் தயார் செய்யுங்கள்.

எழுதும் வேகத்தை நடுவில் வையுங்கள். 4 மடங்கு வேகத்தில் 25 ஜிபி எழுத ஏறத்தாழ 23 நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டியதில்லை. முடிந்ததும் சரிபார்ப்பையும் ஓடவிடுங்கள். ப்ளூ-ரேயில் பதிவு அடுக்கு பளபளக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. டிவிடியில் அது 0.6. ஆகவே விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர் கொஞ்சம் விலகி ஒட்டினால் டிஸ்க் சுழலும்போது ஆட்டம் காணும்.

ப்ளூ-ரே ரைட்டர் இல்லாதவர்கள் எச்டி வீடியோவை டிவிடியில் எழுதுவதும் உண்டு. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறை அதற்கு வழி விட்டது. ஆனால் டிவிடியில் பிட்ரேட் 18 மெகாபிட்டுக்குள் நிற்க வேண்டும். 17 என்று வைத்தால் 4.7 ஜிபி டிவிடியில் சுமார் 35 நிமிடம்தான் அடங்கும். எழுதி முடித்து டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்ய (மற்ற பிளேயர்கள் படிக்கும்படி எழுத்தை முடித்து மூட) மறக்காதீர்கள். முக்கியமாக, இந்த டிஸ்க்கைச் சாதாரண டிவிடி பிளேயரில் போடக்கூடாது. அது ஓடாது என்பதோடு, டிஸ்க் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளலாம் என்று கேமரா கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. டிஸ்க்கின் மேல் ‘ப்ளூ-ரே பிளேயருக்கு மட்டும்’ என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும்போது இதைச் செய்யாமல் கொடுக்காதீர்கள்.

சோதிக்க ஒரு டிஸ்க்

அழித்து எழுதக்கூடிய பிடி-ஆர்இ டிஸ்க் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அதிக அசைவுள்ள ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்து, கடைசி டிஸ்க்குக்குச் செய்யப்போகும் அதே முறையில் அதில் எழுதி, பார்க்கப்போகிறவரின் பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள். பிளேயரில் யுஎஸ்பி துளை இருந்தால் அந்த எம்2டிஎஸ் ஃபைலைப் பென் டிரைவிலும் ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவில் ஓடி டிஸ்க்கில் ஓடாவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

மாமாவின் டிஸ்க் அப்படித்தான் சரியானது. ஃபோல்டரை இடம் மாற்றி எழுதியதும் ‘ரீடிங்’ மறைந்து, திருக்கடையூர் கோயில் கோபுரம் டிவி முழுக்க நின்றது. அதன் பிரதி ஒன்றை அமெரிக்காவில் இருக்கும் அவர்கள் மகளுக்கு அனுப்பக் கேட்டார்கள். அதை அப்படியே அனுப்பியிருந்தால் இன்னொரு தவறாகியிருக்கும். அமெரிக்காவில் விற்கும் பிளேயர்கள் பல 50ஐ வீடியோவை ஏற்பதில்லை. அதனால் அவளுக்கென்று தனியாக 25 பிரேமை 23.976 ஆக மெதுவாக்கி, ஒலியையும் சுருதி மாறாமல் அதே அளவுக்கு இழுத்து எழுதினேன். இரண்டு மணி நேரப் படம் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடும், பார்க்கிறவருக்குத் தெரியாது. டிஸ்க்கைத் தபாலில் போடுவதற்கு முன் அவளுடைய பிளேயரின் மாடல் எண்ணைக் கேட்டு, அது ஏற்கும் டிஸ்க் வகைகளைக் கையேட்டில் பார்த்துக்கொண்டேன்.