மதிய மழைக்கு முன்னால்: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் துணிக்கொடி

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி நேரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், தாப்பா பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய மதியம் 1.15க்கு. மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் 2, 3 மணிக்கு மேல்தான் இறங்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் அடிக்கடி இறங்கும். ஆக, உச்சி வெயிலுக்கும் மழைக்கும் நடுவே பெரிய இடைவெளி கிடையாது. "மதியம் நல்லா வெயில் அடிக்கும், அப்போ போட்டுக்கலாம்" என்பவர்களின் துணிதான் நனைகிறது. காலை 8க்குள் கொடியில் ஏற வேண்டும், 2க்குள் இறங்க வேண்டும். கொடியை எங்கே கட்டுவது, எதை முதலில் துவைப்பது, வேலைக்குப் போகிறவர் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது எல்லாமே இந்த ஆறு மணி நேரத்துக்குள் அடக்கம்.

இடமும் திசையும்

கொடியை வடக்கு தெற்காகக் கட்டுங்கள். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. வடக்கு தெற்காகப் போகும் கொடியில் தொங்கும் துணிக்குக் காலையில் ஒரு முகமும் மதியத்துக்கு மேல் மறு முகமும் காயும். கிழக்கு மேற்காகக் கட்டினால் நாள் முழுக்க வெயில் துணியின் விளிம்பில்தான் விழும். கொல்லையின் அமைப்பு இடம் தராவிட்டால் மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டினாலும் பாதி லாபம் உண்டு.

அடுத்தது சுவர் நிழல். கொல்லைக்குக் கிழக்கே 6 அடிச் சுவர் இருந்தால் காலை 9 மணிக்கு அதன் நிழல் ஏறக்குறைய 12 அடி நீளும். 10 மணிக்கு 7 அடியாகச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் சுவரை ஒட்டிக் கட்டிய கொடி காலை வெயிலைத் தவறவிடும். எவ்வளவு மேற்கே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

முருங்கை மரத்தடியில் கொடி வேண்டாம். கம்பளிப்பூச்சியின் சுணை துணியில் ஒட்டினால் போட்டவருக்கு இரண்டு நாள் அரிப்பு. வாழைக்குப் பக்கத்திலும் வேண்டாம்; வாழைக்கறை பட்ட வெள்ளைச் சட்டை போனது போனதுதான். மாமரத்தில் கயிற்றைக் கட்டினால் முசுறு எறும்பு அந்தக் கயிற்றையே பாலமாக்கித் துணிக்கு வந்துவிடும். மின்கம்பத்திலோ, ஒயர் ஓடும் கூரைத் தூணிலோ கம்பியைக் கட்டவே கூடாது. ஒயரின் உறை எங்காவது உரிந்திருந்தால் ஈரத் துணியோடு அந்தக் கம்பியைத் தொடுகிறவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

கம்பமும் கம்பியும்

கட்டுகிறபோதே சரியாகக் கட்டிவிட்டால் பல வருடத்துக்குக் கவலையில்லை. தேவையானவை: ஒன்றரை அங்குல ஜிஐ பைப் எட்டரை அடியில் இரண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் குறுக்காக வெல்டிங் செய்த 3 அடிப் பைப், அதில் ஒன்றரை அடிக்கு ஒரு வளையமாக மூன்று வளையம். கம்பங்களுக்கு நடுவே 16 அடிக்கு மேல் போகாதீர்கள். உயரத்துக்கு ஓர் எளிய அளவு: வீட்டில் துணி போடுகிறவர் நின்று கையைத் தூக்கினால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கொடி இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது 6 அடியை ஒட்டி வரும். கம்பியின் தொய்வையும் சேர்த்து 6½ அடி வெளியே, 2 அடி மண்ணுக்குள்.

குழி 1 அடிச் சதுரம், 2 அடிக்குச் சற்று அதிக ஆழம். அடியில் 2, 3 அங்குலத்துக்குக் கல் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் பைப் அடியிலிருந்து துருப்பிடிக்கும். சிமெண்ட், மணல், கல் 1:2:4. ஒரு 50 கிலோ மூட்டை இரண்டு குழிக்கும் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கம்பத்தின் தலை ஓர் அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கம்பி இழுத்ததும் நேராகும். ஏழு நாள் ஆறவிட்டுப் பிறகுதான் கம்பியை இழுக்க வேண்டும். மறுநாளே கட்டிய கம்பங்கள்தான் பிறகு ஒன்றையொன்று பார்த்துக் குனிந்து நிற்கின்றன.

கயிற்றுக்கு வருவோம். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து மாவாய் உதிரும். நைலான், நனைந்தால் இன்னும் நீளும். பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி, 4 மில்லிமீட்டர், வாங்குங்கள். ஒரு முனையில் டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் மரைக் கொக்கி) மாட்டி, அதை முக்கால்வாசி திறந்த நிலையில் வைத்தே கம்பியைக் கட்டுங்கள். மூடிய நிலையில் கட்டினால் பிறகு முறுக்க மரை இருக்காது. முனைக்கு இரண்டிரண்டு வயர் கிளிப். கிளிப்பின் வளைந்த போல்ட் குட்டை வாலின் பக்கமும், தட்டையான சேணம் பாரம் இழுக்கும் நீளக் கம்பியின் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட் கம்பியை நசுக்கி, அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

கொடியை வீணை நரம்பு மாதிரி முறுக்குவதுதான் பலர் செய்யும் தப்பு. மிஷினில் பிழிந்த 7 கிலோ துணி, தண்ணீரோடு 11 கிலோ பக்கம் வரும். 16 அடிக் கொடியில் அதைப் பரப்பிப் போட்டு நடுவில் 6 அங்குலம் தொய்ந்தால் கம்பத்தை இழுக்கும் விசை 44 கிலோ. தொய்வே கூடாது என்று 2 அங்குலத்துக்கு முறுக்கினால் அதே துணி 130 கிலோவுக்கு மேல் இழுக்கும். அது ஒரு கொடிக்கு மட்டும். மூன்று கொடிக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 6 அங்குலத் தொய்வு அழகில்லைதான், ஆனால் கம்பம் நிற்கும்.

பிளாஸ்டிக் உறை வெடித்தால் கம்பியை மாற்றிவிடுங்கள். துருக்கறை பட்ட துணியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம். குளோரின் பிளீச் ஊற்றினால் துரு இன்னும் அழுத்தமாய்ப் பிடித்துக்கொள்ளும்.

போடும் முறை

முதலில் ஈரத் துணியால் கொடியை ஒரு முறை துடையுங்கள். பனியும் தூசியும் சேர்ந்து ராத்திரியில் ஒரு கறுப்புப் படலம் படிந்திருக்கும், வெள்ளைச் சட்டையில் கோடு விழுந்த பிறகுதான் அது தெரியும். துண்டு, ஜீன்ஸ், போர்வை ஆகிய கனமானவை முதல் ஈட்டில் துவைபட வேண்டும். மெல்லிய துணி 11 மணிக்குப் போட்டாலும் காய்ந்துவிடும்.

டீ சட்டையைத் தோளில் கிளிப் போடாமல் கீழ் விளிம்பில் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தோளில் காது முளைக்காது. பேன்ட்டை உள்புறம் வெளியாக்கி, பைகளை இழுத்துவிட்டு, இடுப்பில் மாட்டுங்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் பச்சைக் கால்சட்டை, நீலப் பினஃபோர் இரண்டும் வெளிப்புறம் வெயில் பட்டால் ஒரே வருடத்தில் வெளுத்துப்போகும். கைலிக்குக் கிளிப்பே வேண்டாம். மூங்கில் கழியை உள்ளே நுழைத்துப் போட்டால் இரண்டு பக்கமும் காற்று போகும், பாதி நேரம் மிச்சம். பருத்திச் சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. இரண்டாக மடித்தால் 9 அடி. மடிப்பின் இரண்டு பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்துக் கொடியில் ஒவ்வொன்றாகப் போட்டு நடுவே காற்றோட விடுங்கள். பட்டும் பாத்தேக் என்ற மெழுகுச் சாயத் துணியும் நிழலில்தான்.

பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகிற உடுப்பில் பால் காய்ந்திருந்தால் துவைப்பதற்கு முன் உரித்தெடுக்க வேண்டும். துவைத்த பிறகு அது துணியோடு ஒன்றாகிவிடும். செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போன உடுப்பை வீட்டுத் துணியோடு கலக்கவே கூடாது: தனி வாளி, தனி அலசல், தனிக் கொடி. தனிக் கொடிக்கு வழியில்லை என்றால் கடைசியாகப் போட்டு, எடுத்த பிறகு கொடியைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பிள்ளைகளின் துணிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

காய்ந்ததா என்று நடுத்துணியைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கக்கம், இடுப்புப் பட்டை, பையின் அடித் தையல் ஆகியவற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றால் இன்னும் ஈரம். அரை ஈரத்தில் மடித்து வைத்தால் வரும் புளித்த வாடைக்குக் காரணம் மொராக்செல்லா என்ற பாக்டீரியா. சோப்புத் தூளை அள்ளிக் கொட்டினால் போகாது. சாயம் போகாத பருத்தித் துணியென்றால் 60 டிகிரி சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து மறுபடி துவைத்து, அன்றே நல்ல வெயிலில் காயவிடுங்கள். மழை விடாத வாரத்தில் போர்ச்சில் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டு விசிறியைத் திருப்பிவிடலாம். பள்ளி உடுப்புக்கு அவசரமென்றால் டோபிக் கடை (சலவைக் கடை) இருக்கவே இருக்கிறது.

செம்பனை ஆலைக் காற்று அடிக்கும் தாமான்களில் கரித்துகள் விழும். ஆலையின் கொதிகலனில் எரிவது செம்பனை நாரும் ஓடும். ஈரத் துணியில் விழுந்த துகளைக் கையால் தட்டினால் இழுகிக் கோடாகும். காயட்டும், பிறகு உதறுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் துணியை உள்ளேயே போடுவது நல்லது.

பக்கத்து வீடு

தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) கொடி வாசலுக்கு எதிரே இருக்கும், மழை தூறினால் யார் கண்ணில் படுகிறதோ அவர் எடுத்துப் போடுவார். தாமானில் நடுவே சுவர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம், இந்தப் பக்கம் ஒரு சீனக் குடும்பம். மனத்தாங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் துணி அல்ல. சொட்டும் தண்ணீர், வேலிக்கு மேலே பறக்கும் முந்தானை, தலைக்கு மேலே தொங்கும் கால்சட்டை.

வேலியிலிருந்து குறைந்தது 3 அடி உள்ளே கொடி இருக்கட்டும். சேலையின் அகலம் 45 அங்குலம். காற்றில் அது 3 அடியையும் தாண்டும், அதனால் சேலை எப்போதும் உள் கொடியில், கீழ் முனையிலும் ஒரு கிளிப். கையால் பிழிந்த துணியைக் குழாயடியில் இருபது நிமிடம் வடியவிட்டுப் பிறகு கொண்டு வாருங்கள். உள்ளாடைகளை நடுக்கொடியில் போட்டு, வெளிக்கொடி இரண்டிலும் துண்டும் போர்வையும் போட்டால் யார் கண்ணும் உறுத்தாது. சின்னத் துணி என்பதால் நடுவிலும் காய்ந்துவிடும்.

வயதான சீனர்கள் பலர், தொங்கும் கால்சட்டைக்கும் பாவாடைக்கும் கீழே குனிந்து போவதை அபசகுனமாக நினைப்பார்கள். பொது நடைபாதைக்கு மேலே கழியை நீட்டாதீர்கள். சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் அவர்கள் முன்னோருக்காகவும் ஆவிகளுக்காகவும் சாலையோரம் காகிதம் எரிக்கும் மாலைகளில் சாம்பல் பறக்கும். அதைக் குறை சொல்வதைவிட விளக்கு வைக்கும் முன் துணியை எடுத்துவிடுவது எளிது. மலாய்க்காரர் வீட்டில் வேலியோரம் பெண்கள் தொழுகைக்கு அணியும் தெலெகோங் அங்கி காய்ந்தால் உங்கள் நாயை அந்த ஓரத்தில் கட்டாதீர்கள். ஈர நாய் அதில் உரசினால் அவர்கள் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும்.

முன்வாசலில் போடலாமா? வெயில் அங்கேதான் என்றால் போடத்தான் வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. போர்ச்சுக்குள் மடக்கு ஸ்டாண்ட் ஒன்று போதும். வேலிக் கம்பியில் விரிப்பதுதான் பார்க்கவும் நன்றாயில்லை, துருவும் பிடிக்கும். பின்சந்து பொது இடம், அங்கே கம்பம் நடாதீர்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குச் சட்டமே இருக்கிறது: நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வீட்டுக்கு வெளியே நீட்டித் துணி போடக்கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடம் மட்டும் விலக்கு.

சருகு கொளுத்துகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், திறந்தவெளி எரிப்பு குற்றம் என்பது உண்மையே ஆனாலும். "அண்ணே, கொளுத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க, துணிய எடுத்துக்கிறேன்" என்றால் பாதி நாள் அவரே கொளுத்தாமல் விட்டுவிடுவார்.

இரவு முழுக்கத் துணி வெளியே கிடக்க வேண்டாம். கைக்குழந்தை துணியை விளக்கு வைத்த பிறகு வெளியே விடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதற்கு அவர்கள் காரணம் வேறு. நம் காரணம், பனி ஒரு பக்கம். சார்லிப் பூச்சி இன்னொரு பக்கம். செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் இந்த ஆரஞ்சும் கறுப்புமான பூச்சி துணி மடிப்பில் ஒளிந்துகொள்ளும். நசுங்கினால் அதன் நஞ்சு தோலைக் கொப்பளமாக்கும். மடிக்குமுன் ஒவ்வொரு துணியையும் இரண்டு உதறு. தோளில் ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடென்றால் மழைக்கு ஓர் ஏற்பாடு கட்டாயம். பகலில் வீட்டில் இருக்கும் அக்காவிடமோ மக்சிக்கிடமோ (மலாய் அத்தையிடமோ) முன்கூட்டியே கேளுங்கள்: "மக்சிக், காலாவ் ஹுஜான், தோலோங் அங்காட் காயின் யா" (மழை வந்தா கொஞ்சம் துணிய எடுத்துடுங்க). சனி ஞாயிறில் அவர்கள் துணியை நீங்கள் எடுங்கள். காலையில் கிளம்பும்போது காலிக் கூடை ஒன்றைக் கூரைக்குக் கீழே, அவர்கள் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, சுவரின் சின்னக் கதவைப் பூட்டாமல் விடுங்கள். எடுக்க ஓடி வருகிறவர், நனைந்த பத்துச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று மழையில் நிற்கக் கூடாது.