குடியிருப்புப் பகுதிக்குப் பசுமை மதிப்பெண்: லீட் என்.டி. முறையில் நீங்களே கணக்குப் போடலாம்

ஒரு கட்டடம் பசுமையானதா என்று பார்க்கப் பல முறைகள் உண்டு. தெரு, கடை, பூங்கா, பேருந்து நிறுத்தம் என்று ஒரு பகுதி முழுவதையும் எடை போட வேண்டுமானால், குடியிருப்புப் பகுதிகளுக்கான பசுமைச் சான்றிதழ் முறையான லீட் என்.டி. (LEED ND) நல்ல தொடக்கம். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கியது. கீழே உள்ள அளவுகள் 2013இல் வந்த 4ஆம் பதிப்பைச் சேர்ந்தவை. பயிற்சிக்கு இது போதும். சான்றிதழுக்கே விண்ணப்பிப்பதானால், அப்போது நடப்பில் உள்ள பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 110 மதிப்பெண்: இடத் தேர்வுக்கு 28, தெரு அமைப்புக்கு 41, கட்டடங்களுக்கும் உள்கட்டமைப்புக்கும் 31, புதுமைக்கு 6, வட்டார முன்னுரிமைக்கு 4. 40 எடுத்தால் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். குறைந்தது இரண்டு கட்டடமாவது இருக்க வேண்டும். பரப்பு 1,500 ஏக்கரைத் தாண்டக் கூடாது.

தெரு அமைப்புக்குத்தான் அதிக மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் முதலில் வரும் சோலார் பலகைகள் ஆண்டு எரிசக்தித் தேவையில் 20% கொடுத்தாலும் 3 மதிப்பெண்தான். நடக்கத் தோதான தெருக்களுக்கு 9.

தேவையானவை: அளவுத்திட்டம் உள்ள மனைப்பிரிவு வரைபடம், செயற்கைக்கோள் படம், பேருந்து நேர அட்டவணை, 5 மீட்டர் டேப், ஒரு எக்செல் தாள்.

படி 1: கட்டாய நிபந்தனைகள்

மொத்தம் 12. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் ஒன்றில் தவறினாலும் மற்ற எதுவும் செல்லாது. ஆகவே மதிப்பெண் பட்டியலை மூடி வைத்துவிட்டு இதை முதலில் முடியுங்கள்.

நிலத்தை மாற்ற முடியாது என்பதால் இடம் சார்ந்தவற்றில் தொடங்குங்கள். வெள்ளம் புகும் நிலமா? ஏரி, ஆறு போன்ற நீர்நிலைகளிலிருந்து 30 மீட்டரும், சதுப்பு நிலத்திலிருந்து 15 மீட்டரும் விட்டிருக்கிறார்களா? வளமான விளைநிலமா? அரிய உயிரினங்கள் வாழும் இடமா? இவற்றில் சிக்கல் என்றால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குறைந்தது ஒரு கட்டடமாவது பசுமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதும் கட்டாயம்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மூன்று படிகளில் வருபவையும் கட்டாய நிபந்தனைகளே; மதிப்பெண் கணக்கு படி 5இல்தான் தொடங்குகிறது.

படி 2: சந்திப்புகளை எண்ணுதல்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 5 ஏக்கருக்கு மேற்பட்ட திட்டத்தில் சதுர மைலுக்கு 140 சாலைச் சந்திப்புகளாவது வேண்டும். ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர்.

ஒரு கற்பனை மனைப்பிரிவு: 24 ஏக்கர், அதில் 2 ஏக்கர் பூங்கா. அரை ஏக்கருக்கு மேற்பட்ட பூங்காவையும் நீர்நிலையையும் பரப்பில் கழிக்கலாம். சாலை நிலத்தைக் கழிக்கக் கூடாது. மிச்சம் 22 ஏக்கர், அதாவது 0.034 சதுர மைல். அதை 140ஆல் பெருக்கினால் 4.8. எனவே 5 சந்திப்புகள் தேவை.

வரைபடத்தில் 9 தெரிகிறது. நிம்மதி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பிலும் விரலை வைத்துக் கேளுங்கள்: இதன் வழியே உள்ளே போனவர் வெளியே வர மறுபடி இதையேதான் கடக்க வேண்டுமா? ஆம் என்றால் அது முட்டுச்சந்துக்குப் போகும் வழி, எண்ணிக்கையில் சேராது. அப்படி 5 கழிந்தால் மிச்சம் 4. சதுர மைலுக்கு 116தான் வருகிறது, தோல்வி.

இதற்கு மலிவான வைத்தியம் உண்டு. உள்தெரு ஒன்றிலிருந்து வெளிச்சாலைக்கு ஒரு நடைவழி திறந்தால், அது தெருவைச் சந்திக்கும் இடமும் ஒரு சந்திப்புதான். மொத்தத்தில் 20% வரை இப்படிச் சேர்க்கலாம். ஐந்தில் ஒன்று சரியாக 20%. இப்போது 145, தேறியாயிற்று. ஆனால் அந்த வழியில் பூட்டோ காவலாளியோ இருக்கக் கூடாது. கேட் போட்ட குடியிருப்புகள் தோற்பது இந்த இடத்தில்தான்: பொதுமக்கள் தடையின்றி நுழைய முடியாத தெருவில் உள்ள எந்தச் சந்திப்பும் கணக்கில் வராது.

படி 3: வீட்டு அடர்த்தி

கட்டக்கூடிய நிலத்தில் ஏக்கருக்கு 7 வீடு குறைந்தபட்சம். படி 2இல் கழிக்காத பொதுச்சாலையை இங்கே கழிக்க வேண்டும். வீடு கட்டக் கூடாது என்று சட்டம் ஒதுக்கிய நிலத்தையும் கழியுங்கள். இரண்டு கணக்குக்கும் ஒரே பரப்பைப் போட்டுவிடுவது சகஜமான பிழை. எக்செல் தாளில் இரண்டையும் தனித்தனி வரிசையில் வையுங்கள்.

நம் உதாரணத்தில் சாலை 6 ஏக்கர், சட்டப்படி ஒதுக்கிய பூங்கா 2 போனால் 16 ஏக்கர். 130 வீடு என்றால் ஏக்கருக்கு 8.1, தேறும். ஆனால் பக்கத்திலேயே நல்ல பேருந்து வசதி இருந்தால் வரம்பு 12 ஆகிவிடும். அப்போது 192 வீடு வேண்டும். வசதி உள்ள இடத்தை வீணாக்கக் கூடாது என்பதே காரணம்.

படி 4: டேப்போடு ஒரு நடை

நடைபாதை தெருவின் இரு பக்கமும் வேண்டும், மொத்தத் தெரு நீளத்தில் 90%க்கு. புதிய நடைபாதையின் அகலம் கடைத்தெருவில் 2.5 மீட்டர், மற்ற தெருக்களில் 1.2 மீட்டர். வரைபடத்தில் 1.5 மீட்டர் என்று இருக்கும். கட்டி முடித்த இடத்தில் நடுவே டிரான்ஸ்பார்மர், வீட்டுக்கு வீடு கார் ஏற்றும் சரிவு. டிரான்ஸ்பார்மர் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சும் வழியை அளந்து எழுதுங்கள்.

தெரு நீளத்தில் 15%க்காவது இன்னொரு விகிதம்: தெருவின் நடுக்கோட்டிலிருந்து வீட்டு முகப்பு வரை உள்ள தூரத்தை 1.5ஆல் வகுத்தால் வருவதே குறைந்தபட்சக் கட்டட உயரம். தூரம் 9 மீட்டர் என்றால் 6 மீட்டர், அதாவது இரண்டு தளம்.

படி 5: பேருந்து

பாதி வீடுகளாவது நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர் நடை தூரத்தில் இருக்க வேண்டும். ரயில் நிலையம் என்றால் 800. கவராயத்தால் வட்டம் போடாதீர்கள். நடந்து போகும் வழியை அளக்க வேண்டும். மதில் சுவர் ஒன்று 250 மீட்டரை 700 ஆக்கிவிடும்.

பிறகு ஒரு நாளில் பேருந்து எத்தனை நடை (ட்ரிப்) வருகிறது என்று எண்ணுங்கள். வாரநாளில் 60, வார இறுதியில் 40 இருந்தால் முதல் மதிப்பெண். ஒரே தடத்துக்கு இரண்டு நிறுத்தம் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்கலாம். போவதையும் வருவதையும் கூட்டக் கூடாது.

படி 6: மற்றவை

மழைநீர் (4), வீட்டு வகைகளும் மலிவு விலை வீடுகளும் (7), மரநிழல் (2) ஆகியவற்றைப் பட்டியலைப் பார்த்தே போட்டுவிடலாம். பெரிய இயந்திரங்களைக் கண்டு மயங்க வேண்டாம். வான்கூவரில் 2010 ஒலிம்பிக் கிராமமாக இருந்த சவுத்ஈஸ்ட் ஃபால்ஸ் கிரீக், கழிவுநீரின் வெப்பத்தை எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறது, பிளாட்டினமும் வாங்கியது. அருமையான ஏற்பாடு, ஆனால் 4ஆம் பதிப்பின் பட்டியலில் பகுதி முழுவதற்குமான அத்தகைய வெப்ப அமைப்புக்கு அதிகபட்சம் 2தான்.

படி 7: கூட்டல்

'ஆம்', 'இருக்கலாம்', 'இல்லை' என எக்செல் தாளில் மூன்று நெடுவரிசைகள். கையில் ஆதாரம் இருப்பது மட்டுமே 'ஆம்'. 'இருக்கலாம்' என்பதைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். 'ஆம்' மட்டும் சரியாக 40 வந்தால் அதை நம்பி இறங்க வேண்டாம்; பரிசீலனையில் இரண்டு மூன்று கழிவது இயல்பு, 45ஆவது கையில் இருக்கட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே வரைபடத்தின் தேதியையும் நேர அட்டவணையின் தேதியையும் குறித்து வையுங்கள். தடம் மாறினால் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரியும்.