பழங்கதையைத் திருகி எழுதிய விசித்திரக் குறுநாவலை எப்படிப் படிப்பது

குறுநாவல்தானே, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எடுப்போம். இருபதாவது பக்கத்தில் ஒருத்தி தன் நிழலை மடித்துப் பெட்டிக்குள் வைப்பாள், நாற்பதாவது பக்கத்தில் அந்தப் பெட்டி அழ ஆரம்பிக்கும், உடனே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதற்கு என்ன அர்த்தம் என்று தேடக் கிளம்பிவிடுவோம். நானும் அப்படிக் கிளம்பிக் கிளம்பி நாலைந்து நல்ல புத்தகங்களைக் கெடுத்துக்கொண்டவன்தான்.

முதல் தடவை தேடாதீர்கள். ஒரே இருப்பில், முடியாவிட்டால் இரண்டு இருப்பில் படித்து முடியுங்கள். இந்த வகை எழுத்து கனவு மாதிரி, நடுவில் நான்கு நாள் விட்டால் அந்த மயக்கம் கலைந்துவிடும், மிச்சம் இருப்பது வெறும் குழப்பம். கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும். வயிற்றைப் பிசையும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, 'இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே' என்று தோன்றும் இடத்தில் ஒரு வட்டம், அவ்வளவு போதும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியது விசித்திரத்தை அல்ல, அதைப் பார்த்து யார் ஆச்சரியப்படவில்லை என்பதை. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்' (1915) பழங்கதையை மாற்றி எழுதியது இல்லை, ஆனாலும் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காலையில் பூச்சியாக விழித்தெழும் கிரெகோர் சாம்சா, 'ஐயோ, பூச்சியாகிவிட்டேனே' என்று அலறுவதில்லை, 5 மணி ரயிலைத் தவறவிட்டதையும் அடுத்த ரயில் 7 மணிக்குத்தான் என்பதையும் நினைத்துப் பதறுகிறான். நம்மைக் கலங்கடிப்பது பூச்சியைவிட அந்த ரயில் கவலைதான்.

சரி, மூலக்கதையை முன்னாலேயே படித்துவிட வேண்டுமா? என் பழக்கம், பிறகுதான். அதுவும் 'மூலம்' என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பியப் பழங்கதையில் வரும் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியை வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றிலிருந்து மீட்பது 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவம். 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியதில் யாரும் வருவதில்லை, ஓநாய் தின்றுவிடுகிறது, கதை முடிந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் அகலிகை. கம்பனில் அவள் கல்லாகிறாள், வால்மீகியிலோ யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். ஆகவே கையிலிருக்கும் நாவல் எந்த வடிவத்தோடு மல்லுக்கு நிற்கிறது என்று பாருங்கள், இல்லையென்றால் எழுத்தாளர் மாற்றாத இடத்தை மாற்றியதாக நினைத்து வியந்துகொண்டிருப்போம்.

அப்புறம் இரண்டாம் வாசிப்பு. முழுதாக வேண்டாம், குறித்த இடங்கள் மட்டும் போதும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: பழைய கதையில் இங்கே என்ன நடக்கும், இதில் என்ன நடக்கிறது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதையை வைத்துப் பழகிப் பார்க்கலாம். பழைய கதையில் சாபம் தீர்ந்தால் எல்லாம் சுபம். இவர் அதற்குப் பிறகான நாட்களை எழுதுகிறார். வனவாசம் முடிந்து வந்த சீதை, தீக்குளித்ததைச் சொல்லக் கேட்டு அகலிகை கொதித்துப்போகிறாள், கடைசியில் மறுபடி கல்லாகிறாள். அதே கல்தான், ஆனால் முன்பு அது தண்டனை, இப்போது அப்படிச் சொல்ல வாய் வருமா? கோடும் வட்டமும் ஒரே பக்கத்தில் விழுவது இப்படிப்பட்ட இடங்களில்தான், அங்கே நேரம் செலவழியுங்கள், மற்றதை வேகமாகக் கடக்கலாம்.

ஓநாய் என்றால் ஆண், காடு என்றால் ஆழ்மனம் என்று அகராதி போடுகிற வேலை மட்டும் வேண்டாம். ஓநாய் முதலில் ஓநாயாக இருக்கட்டும், அதன் மூச்சு நாறட்டும்.

இதெல்லாம் செய்தும் ஒட்டவில்லை என்றால் தப்பு உங்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை, சும்மா மிரட்டுவதற்காக எழுதப்பட்டவையும் நிறைய உண்டு. ஒரு விசித்திரச் சம்பவத்தை மனதுக்குள் நீக்கிப் பாருங்கள். அந்தப் பெட்டி அழாவிட்டாலும் கதை அப்படியே நடக்கும் என்றால் அது வெறும் ஜோடனை. இப்படி இரண்டு மூன்று தட்டுப்பட்டதும் நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன்.